டீசலுக்கு வரவேண்டிய பின்சப்பை

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. குரங்கணி போகிற ஜீப்பு நிறைய இன்னும் நாலு ஆள் வேண்டும். டிரைவர் ராக்கையா அதுவரைக்கும் சாவியைத் தொட மாட்டார். சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்குப் பதில் இதைக் கேளுங்கள். நடந்தது நடந்தபடி. பொய் சொன்னால் அந்தா தெரிகிற மலை இடிந்து என் தலையில் விழட்டும்.

மலையைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. அதனால் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முயலின் எடையில் ஒரு கிலோ கூட்டியிருக்கிறேன். மூக்கம்மாளின் குரலில் ஒரு மைல் கூட்டியிருக்கிறேன். நாய் விஷயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதில் ஒரு முடி கூடக்குறைய இருந்தால் மூக்கம்மாளே வந்து சட்டையைப் பிடிப்பாள். அதற்கு மலை இடிந்து விழுவதே மேல்.

"எந்த மூக்கம்மா? அந்த நாய்க்காரியா?" என்று உரமூட்டையை மடியில் வைத்திருந்த சின்னச்சாமி கேட்டார். மாந்தோப்புக் காவல்காரர்.

"நாய்க்காரின்னு சொல்லாதீக பெரியவரே. அது காதுல விழுந்துச்சு, நீங்க ஜீப்புல போக மாட்டீக, ஆம்புலன்சுலதான் போவீக" என்றாள் முன்சீட்டில் இருந்த பொன்னுமணி. காப்பித் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிறவள்.

அந்த மூக்கம்மாள்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய கோபத்துக்கு ஐம்பது. அவள் பிறப்பதற்கு நாலு வருசம் முந்தியே அது வந்து வீட்டு வாசலில் காத்துக் கிடந்தது என்று அவள் புருசன் ஜக்கையன் சொல்வான், அவள் இல்லாத இடமாகப் பார்த்து. ஜக்கையனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏல எஸ்டேட்டில் வேலை. திங்கட்கிழமை விடியுமுன் ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவான். வாரத்தில் ஆறு நாள் மலைக்குளிரில் கிடப்பதால்தான் மனுசன் இன்னும் கருகாமல் இருக்கிறான் என்று ஊரில் பேச்சு.

மூக்கம்மாள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். தரையில் குவித்த காயைப் பார்த்தவுடனே இது எட்டு மில்லிமீட்டர் கனம், இது ஏழு, இது வெடிச்சது, இது வெளுத்தது என்று கை தானாகப் பிரித்துவிடும். சல்லடை வெட்கப்பட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் சோறு போட்டால்கூட முழுப்பருக்கை ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம்.

டீசல் அவளுடைய நாய். பெட்டை நாய். ஐந்து வருசத்துக்கு முன்னால் இதே ஜீப் ஸ்டாண்டில், ஒரு ஜீப்புக்கு அடியில், ஆயில் சொட்டுகிற இடத்தில் கிடந்த குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். வேலை விட்டு வந்த மூக்கம்மாள் அதைத் தூக்குவாளிக்குள் போட்டு மூடி, ஊருக்குக் கொண்டு போனாள். ஏழு தடவை சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிய பிறகும் அது பக்கத்தில் வந்தால் பெட்ரோல் பங்க் வாடை அடித்தது. அதனால் டீசல். குளித்து முடித்த பிறகுதான் நிறம் தெரிந்தது. செவலை உடம்பு, கோம்பை நாய் மாதிரிக் கரிய மூஞ்சி, வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தமாதிரி வெள்ளை.

குரங்கணி ரோட்டில், மலை தரையைத் தொடுகிற இடத்தில் அவர்கள் ஊர். தை பிறந்து கடலையும் சோளமும் எடுத்த பிறகு தோட்டமெல்லாம் வெறுந்தரையாகக் கிடக்கும். முயல் பாறைக் கரட்டிலிருந்து இறங்கி வந்து, விட்டுப்போன கடலையைத் தேடித் தின்னும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் ஆம்பளைகள் ஆறேழு பேர் கம்பும் நாயுமாகக் கிளம்புவார்கள். அந்த ஊரில் ஆட்டுக்கறி என்பது தீபாவளிக்கும் காதுகுத்துக்கும் மட்டும் வருகிற விருந்தாளி. மற்ற நாளைக்குக் கறி வேண்டுமென்றால் நாய் ஓட வேண்டும்.

அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வந்த ஆளுக்கெல்லாம் ஆளுக்கொரு பங்கு. முயலின் மேல் எந்த நாய் முதலில் வாய் வைத்ததோ, அந்த நாய்க்கு ஒரு பின்சப்பை. அதாவது ஒரு முழுப் பின்னந்தொடை. அதற்குப் பேரே முதல்வாய்ப் பங்கு. குடலும் தலையும் நாயே தின்னும். சப்பை நாயின் வீட்டுச் சட்டிக்குப் போகும். நாய்க்குச் சொந்தக்காரர் வேட்டைக்குப் போயிருந்தாலும் சரி, வீட்டில் படுத்துத் தூங்கினாலும் சரி, பங்கு வாசலுக்கு வந்து சேரும்.

மூக்கம்மாள் வேட்டைக்குப் போகிறவள் இல்லை. ஜக்கையனும் போக மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தூங்கத்தான் நேரம். டீசல் மட்டும் கம்புச் சத்தம் கேட்டதும் தானாக எழுந்து கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். நாலு வருசமாக, வாழையிலையில் சுற்றிய சப்பையோடு யாராவது வாசலில் வந்து நின்று, "டீசல் வீடு!" என்று கூப்பிடுவார்கள்.

அந்தக் கூப்பாடு மூக்கம்மாளுக்கு வெல்லம். நிலம் ஜக்கையனும் அவன் அண்ணன் தம்பிகளும் பங்கு போட்டது. வீட்டுப் பட்டா மாமனார் பேரில். ரேஷன் கார்டில் மேலே இருப்பது ஜக்கையன் பேர். அவள் தூக்குவாளியில் தூக்கி வந்து வளர்த்த ஒன்றின் பேரைச் சொல்லி ஊரே வாசலில் வந்து நிற்பது இந்தப் பங்கு ஒன்றுக்குத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி காத்திருப்பாள். முயல்கறிக்குக் கொழுப்பு கிடையாது. நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு மூடி வைக்காவிட்டால் விறகாகப் போய்விடும். அவள் வைத்தால் பஞ்சாக இருக்கும். மகள் சூர்யகலா பிளஸ் டூ படிக்கிறாள், சோற்றைப் பிசையாமலே அரைப்படி தின்பாள்.

போன மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மசாலா அரைத்தாயிற்று. பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டீசல் மட்டும் வந்தது. வாயோரம் ரத்தக் கறை. வாசலில் படுத்து மீசையை நக்கியது.

"வேட்டை விழுந்துருக்கு. பங்கு வரலையே?" என்றாள் மூக்கம்மாள்.

"வரும், வரும். பொறு" என்றான் ஜக்கையன், கண்ணைத் திறக்காமலே.

சூர்யகலா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ம்மா, இங்க பாரு" என்றாள். அருள்பாண்டி ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். கையில் ஒரு கொழுத்த முயலைத் தூக்கிப் பிடித்திருந்தான். முயல் நாலு கிலோ இருக்கும். சரி, மூன்று. காலடியில் அவனுடைய வெள்ளைச் சிப்பிப்பாறை நாய், சிவப்பு பெல்ட்டோடு. கீழே எழுதியிருந்தது: 'ராக்கெட்டின் முதல் வேட்டை.'

அருள்பாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வயசு. திருப்பூரில் இருந்து போன வருசம் திரும்பியவன். வரும்போது ராக்கெட்டை ஏசி காரில் கொண்டு வந்தான். அது பிஸ்கட் தின்னும், தயிர்சாதம் தின்னும், மழை பெய்தால் கட்டிலில் ஏறிக்கொள்ளும். ஓடினால் மட்டும் ராக்கெட்தான், அதை மறுக்கக் கூடாது. குரங்கணியில் குரைக்க ஆரம்பித்தால் குரைப்பு முடிவதற்குள் போடியில் இருக்கும்.

"வீடியோ இருக்கும்மா" என்றாள் சூர்யகலா.

வீடியோவில் வெள்ளை நாய் தோட்டத்துக்குக் குறுக்கே பறந்தது. முயல் வளைந்தது. ராக்கெட் வளைய முடியாமல் நேரே போய் வரப்பில் உருண்டது. ஆட்கள் கத்தினார்கள். முயல் மறுபடி வளைந்து உன்னிப்புதர் வேலி பக்கம் வந்தது. அங்கே வீடியோ ஆடிப்போய், அடுத்தபடியாக அருள்பாண்டி முயலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நிறுத்து. பின்னால போ. இன்னும் கொஞ்சம். அங்கதான், நிறுத்து!"

வேலிக் கடவில், ஆள் நுழைகிற அந்தச் சந்தில், புதருக்கு வெளியே ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ தெரிந்தது. செவலை. நுனியில் வெள்ளை. ஏழு மில்லிக் காயில் ஆறரை மில்லிக் காய் கலந்ததைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது போதாதா?

"என் டீசலு வாலுடி இது!"

ஊரில் காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. ஜக்கையன் எழுந்து உட்கார்ந்தான்.

டீசலின் வேட்டை அப்படித்தான். அது ஓடாது. எந்தப் பக்கம் விரட்டினாலும் முயல் ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வரும் என்பது மற்ற நாய்களுக்கு ஐந்து வருசமாகத் தெரியவில்லை, டீசலுக்கு முதல் வருசமே தெரிந்துவிட்டது. மற்ற நாய் எல்லாம் நாக்குத் தள்ள ஓடும்போது அது வேலிக் கடவில் போய், வாசல் காவல்காரி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வந்ததும் ஒரு கவ்வு.

மூக்கம்மாள் போய் நின்றபோது காசிமாயன் வீட்டு முற்றத்தில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. வேட்டைக்குத் தலை அவர்தான். அறுபது வயசு. யார் நாய் முதல்வாய் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மூக்கம்மாளுக்கு மாமா முறை. அருள்பாண்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ராக்கெட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"மாமா, எங்க டீசல் பங்கு என்னாச்சு?"

காசிமாயன் சட்டியைக் கிண்டினார். "இன்னிக்கு முதல்வாயி ராக்கெட்டுத்தா."

"நான் வீடியோவைப் பாத்துட்டுத்தான் வந்துருக்கேன். கடவுல உக்காந்து கவ்வுனது டீசலு."

"யக்கா, கவ்வுனா ஆச்சா?" என்றான் அருள்பாண்டி. "தோட்டம் பூராம் வெரட்டி முயலை அரை உசுராக்குனது என் நாயி. உங்க நாயி வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துருந்துச்சு. முயலு தானா வந்து வாய்க்குள்ள விழுந்துச்சு. அதுக்கெல்லாம் பங்கா?"

"அப்ப உன் நாயையும் வாயத் தொறந்துக்கிட்டு உக்காரச் சொல்றது! விழுகுதான்னு பாப்போம். ஈதாண்டா விழுகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காசிமாயனுக்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. ராக்கெட் வழியில் பிறக்கிற முதல் குட்டி அவருக்கு என்று அருள்பாண்டி வாக்குக் கொடுத்திருந்தது ஊருக்கே தெரியும். அவர் கரண்டியை நிறுத்தி, தொண்டையைச் செருமி, அதுவரை உலகத்தில் யாரும் கேட்டிராத ஒரு சட்டத்தைச் சொன்னார்.

"பொட்ட நாய்க்கு முதல்வாயி கெடையாதுத்தா. எங்க தாத்தா காலத்துலருந்து அதுதேன் வழக்கம்."

சட்டிகூடக் கொதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"நாலு வருசமா வாசல்ல வந்து குடுத்தீகளே, அப்ப உங்க தாத்தா எங்க போயிருந்தாரு?"

"அது... பாவப்பட்டுக் குடுத்தது."

மூக்கம்மாளுக்குக் காது இரண்டும் சூடாகி, உள்ளே ஏதோ கேஸ் அடுப்பு மாதிரி 'பப்'பென்று பற்றிக்கொண்டது. பங்கு இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். பாவப்பட்டுக் கொடுத்ததா? வாசலில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் பிச்சையா?

"பாவமா? எனக்கா?" என்றாள். குரல் முதலில் தாழத்தான் வந்தது. அதுதான் ஆபத்து. "மசாலா அரைக்கப் பொட்டை வேணும். சட்டி கழுவப் பொட்டை வேணும். முயலைக் கவ்வவும் பொட்டை வேணும். திங்கிறதுக்கு மட்டும் கெடா மீசையா? உங்க தாத்தா எழுதி வச்ச அந்தச் சட்டத்தைக் கொண்டாங்க, பாப்போம்! எந்தப் பொட்டியில இருக்கு? கொண்டாங்கன்னா!"

கடைசி 'கொண்டாங்க' போடிமெட்டு செக்போஸ்டில் கேட்டு, அங்கே லாரி ஒன்று நின்று பேப்பரை எடுத்துக் காட்டியது.

காசிமாயன் அசையவில்லை. சட்டி இறங்கியது. பங்கு பிரிந்தது. பச்சையாக எடுத்து வைத்திருந்த பின்சப்பை அருள்பாண்டி வீட்டுக்குப் போனது.

திங்கட்கிழமை ஜக்கையன் மலைக்குப் போய்விட்டான். சூர்யகலா பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு. மூக்கம்மாள் ராத்திரி தூங்காமல் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவள் கணக்கு சுத்தமான கணக்கு. தண்ணீர்த் தகராறுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ். காய்த் தகராறுக்கு ஏலக் கம்பெனி. அப்போது முயல் தகராறுக்கு? முயலுக்குப் பெரியவர் யார்? காட்டாபீஸ்தானே!

முயல் பிடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். காட்டுக்குள்ளே போய்ப் பிடித்தால்தான் தப்பு என்று தெரியும். இது பட்டா நிலத்தில், ஊரான் கடலையைத் தின்ன வந்த முயல். வீட்டுக்குள் புகுந்த எலிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அந்த ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அவள் மட்டும்தான் அதை நம்பி ஆபீஸுக்கே நடந்து போனாள்.

வனவர் நல்ல மனுசன். நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். "சொல்லும்மா, என்ன பிரச்சினை?"

"பங்கு சார். முயல் பங்கு."

வனவர் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வீடியோவை மூன்று தடவை போட்டுக் காட்டினாள். வேட்டைக்கு வந்தவர்கள் பேரை வனவர் கேட்டார். கல்யாணப் பத்திரிகை மாதிரி தகப்பன் பேர், தெருப் பேரோடு வரிசையாகச் சொன்னாள். நாய்களின் பேரையும் விடவில்லை. வனவருக்கு இருபது வருச சர்வீசில் இவ்வளவு பக்குவமாக ஒரு கேஸ் தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

"ஏம்மா, முயலை எங்க புடிச்சாலும் குத்தம்மா. காடா இருந்தாலும் சரி, பட்டாவா இருந்தாலும் சரி."

மூக்கம்மாளின் கையில் டீ அப்படியே நின்றது.

"இப்ப நான் எழுதணும்" என்றார் அவர். "முயலைக் கொன்னது எந்த நாயின்னு ஒரு வரி வரும். நாய்க்குச் சொந்தக்காரங்க மேலயும் கேஸு. நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த வெள்ளை நாயின்னா அந்தப் பையனோட போயிரும். உனக்கு ஒண்ணும் வராது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மூக்கம்மாளும் ஒரு நிமிசம் யோசிக்கத்தான் செய்தாள். 'வெள்ளை நாய்' என்று ஒரு சொல். சொல்லிவிட்டு எழுந்து கம்பெனிக்குப் போய்விடலாம். ஆனால் அந்தச் சொல்லைத் தொண்டை வரைக்கும் கொண்டு வந்தபோது, கரண்டியைப் பிடித்துக்கொண்டு 'பாவப்பட்டுக் குடுத்தது' என்ற மூஞ்சி குறுக்கே வந்து நின்றது. நேற்று காசிமாயன் சொன்ன அதே பொய்யைத்தான் இன்றைக்கு அவள் வாயால் சொல்லச் சொல்கிறார்கள்.

"என் நாயி சார். டீசலு. பொட்ட நாயி. அதையும் எழுதுங்க. பொட்ட நாயின்னு பெருசா எழுதுங்க!"

மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஊர் ஆம்பளைகள் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். அருள்பாண்டி முகம் ராக்கெட்டை விட வெள்ளையாக இருந்தது.

"முயலைப் புடிச்சது ராக்கெட்டுன்னு நீ ஸ்டேட்டஸ் போட்டுருக்கியே?" என்றார் வனவர்.

"சார், அது சும்மா ஒரு கெத்துக்குப் போட்டது சார்! ராக்கெட்டு ஈயைக்கூடப் புடிக்காது சார். தயிர்சாதம் திங்கிற நாயி சார். பூனை வந்தா கட்டிலுக்கு அடியில போயிரும். புடிச்சது டீசலுதான். நான் கண்ணால பாத்தேன். சத்தியம் சார்!"

"நீங்க என்ன சொல்றீங்க பெரியவரே?"

காசிமாயன் மூக்கம்மாளைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டீசலுதேன் சார். முதல்வாயி அதுதேன். அந்த நாயி நாலு வருசமாப் புடிக்குது சார், இந்தக் கரட்டுல அதுக்கு மிஞ்சின நாயி கெடையாது."

"பொட்ட நாய்க்கு முதல்வாயி உண்டா மாமா?" என்றாள் மூக்கம்மாள். "சார், கேளுங்க. கேட்டு எழுதுங்க."

"உண்டுத்தா" என்றார் காசிமாயன், பல்லுக்கு நடுவே.

வனவர் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். மேற்படி மூக்கம்மாளுக்குச் சொந்தமான டீசல் என்ற பெண் நாய் மேற்படி முயலை வாயால் கவ்விப் பிடித்தது. கீழே ஏழு ஆம்பளைக் கையெழுத்து. கடைசியில் மூக்கம்மாள் கையெழுத்து, மற்ற ஏழையும் விடப் பெரிதாக. எட்டுப் பேருக்கும் அபராதம். இன்னொரு தரம் கம்போடு கண்டால் ஜெயில் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை ஜக்கையன் இறங்கி வந்தான். விஷயம் அவனுக்கு மலையிலேயே எட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கத்தினான்.

"ஏ மூக்கு, உனக்குக் கிறுக்கா? தலையெழுத்தா? வெள்ளை நாயின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நமக்குச் சல்லிக்காசு செலவில்லையே! ஊருல ஒருத்தன் மூஞ்சி குடுத்துப் பேசுறானா? உன்னால இனிமே இந்த ஊருல யாரும் முயல்கறி திங்க முடியாது!"

"என்னாலயா? பங்கைக் குடுத்துருந்தா நான் ஏன் ஆபீசுக்குப் போறேன்? பொய்யச் சொன்னவனை விட்டுப்புட்டு என்னையக் கேக்குறீக. நீங்கதான் ஆம்பளையா லச்சணமா ஞாயித்துக்கெழமையே போயி அங்க கேட்டுருக்கணும். தூங்குனீகள்ல? தூங்குங்க!"

ஜக்கையன் அன்றைக்கே மறுபடி ஜீப் இருக்கிறதா என்று விசாரித்தான்.

இப்போதுதான் கதையின் வம்பான இடம். தண்டம் கட்டியாயிற்று, டீசலின் பேர் சர்க்கார் தாளில் ஏறியாயிற்று, அத்தோடு மூக்கம்மாள் ஆறியிருக்க வேண்டாமா? ஆறவில்லை. மறுநாள் சாயங்காலம் நேரே அருள்பாண்டி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"டேய் அருளு! புடிச்சது டீசலுன்னு கையெழுத்துப் போட்டேல்ல?"

"போட்டேன். அதுக்கென்ன?"

"அப்ப பின்சப்பை எங்க?"

அருள்பாண்டி வாய் திறந்தபடி நின்றான். "யக்கா, அதைத் தின்னு ஒரு வாரமாச்சு!"

"திங்கும்போது யாருதுன்னு கேட்டியா? குடு."

"முயலுக்கு முயல்தானே குடுக்கணும். முயலைப் புடிச்சா ஆபீசரு என்னையப் புடிப்பாரு. நான் எங்க போக? உங்களாலதான் நாங்க ஏழு பேரும் தண்டம் கட்டுனோம். அதுலயே உங்க பங்கு கழிஞ்சுபோச்சு."

"நானும்தான் கட்டுனேன்! தண்டத்துல எனக்குப் பங்கு உண்டு, கறியில பங்கு இல்லையா? எந்த ஊரு நியாயம்டா இது?"

அடுத்த நாள் அவன் ஒரு பிராய்லர் கோழிக் காலை வாங்கி, கேரி பையில் போட்டு, சூர்யகலா கையில் கொடுத்தனுப்பினான். மூக்கம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். தவிட்டு மூட்டைக்குக் கால் முளைத்தமாதிரி இருந்தது. அப்படியே திருப்பிக் கொண்டு போய், அவன் வீட்டு வாசல் கேட்டில் மாட்டிவிட்டு, "ஒண்ணு முயல் சப்பை. இல்ல, அதே எடைக்கு ஆட்டுச் சப்பை. வாழையிலையில சுத்தி, என் வாசலுக்கு வந்து, டீசல் வீடுன்னு கூப்புட்டுக் குடுக்கணும். பையில போட்டுப் பச்சப் புள்ள கையில குடுத்து விடுற சோலியெல்லாம் எங்கிட்ட வேணாம்!" என்று கத்தினாள். மேலே மேகம் திரண்டிருந்தது. அவள் குரலுக்குப் பயந்து கேரளா பக்கம் போய் மழை பெய்தது.

இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். தினமும் கம்பெனி விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அருள்பாண்டி வாசல். தினமும் அதே கேள்வி. ஆட்டுச் சப்பையாகக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று அவன் காசிமாயனிடம் போய்க் கேட்டானாம். "குடுத்தேன்னா அன்னிக்கு முத்தத்துல நாம சொன்னது பொய்யின்னு ஆகும், குடுக்காத" என்று அவர் சொல்லிவிட்டாராம். நேற்று வரைக்கும் நிலவரம் இதுதான்.

"அவரு சொன்னது சரிதானே?" என்றார் சின்னச்சாமி, உரமூட்டையைத் தட்டி. "ஊரையே மாட்டி விட்டவளுக்குச் சப்பை என்ன சப்பை?"

"மாட்டி விட்டது அவளா, பொய் சொன்னவனா?" பொன்னுமணி முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினாள். "புடிச்சது அதோட நாயி. எழுதிக் குடுத்தாச்சு. சப்பையைக் குடுக்குறதுல உங்களுக்கு என்ன நோவு?"

"புடிச்சதா? வெரட்டுனவனுக்கு ஒண்ணுமில்ல, சும்மா வாயத் தொறந்து உக்காந்திருந்ததுக்குச் சப்பையா? அப்ப நானும் கறிக்கடை வாசல்ல போயி வாயத் தொறந்துக்கிட்டு உக்காருறேன்!"

"உக்காருங்க பெரியவரே. இப்பவும் தொறந்துக்கிட்டுத்தான இருக்கீக!"

"ஏ பொம்பளை, வார்த்தைய அளந்து பேசு!"

"பொம்பளைன்னா? அதான வெசயம்! நீங்களும் காசிமாயன் கூட்டந்தான! உங்க தாத்தாவும் பொட்டியில சட்டம் எழுதி வச்சிருக்காரா?"

"சண்டை போடாதீகப்பா, ஆளு நெறைஞ்சிருச்சு, வண்டிய எடுக்குறேன்" என்றார் ராக்கையா. பிறகு சாவியில் கை வைத்துவிட்டு, எடுக்காமல், திரும்பிச் சொன்னார். "ஆனா ஒண்ணு. வெரட்டுன நாய்க்குத்தான் பங்கு."

"எவன்யா சொன்னான்?" என்று பின்சீட்டில் புதிதாக ஏறிய ஆள் எழுந்ததில் அவர் தலை ஜீப்பின் மேல்கம்பியில் இடித்தது. பொன்னுமணி காப்பிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "இந்த ஜீப்புல நான் வர மாட்டேன். எங்காசைக் குடுங்க!" சின்னச்சாமியும் உரமூட்டையோடு இறங்கினார், அவளை விடக்கூடாது என்று. பக்கத்து ஜீப்பில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள், கேட்ட மாத்திரத்தில் அவர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். யாரோ யாருடைய துண்டையோ பிடித்து இழுத்தார்கள்.

"வெரட்டுனதுக்கா, கவ்வுனதுக்கா? ஒரே வார்த்தையில சொல்லுய்யா!"

"சொல்ல மாட்டேன் போய்யா! மொதல்ல துண்டை விடு!"